அரைப்பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடி.
கீழே ஆணியும் கூரைத் தகரமும் விற்கிற கடை.
மேலே நானும் எட்டுக் கோர் உள்ள ஒரு பெட்டியும்;
அதன் விசிறி
ஏற்றத்தில் கியர் மாற்றுகிற பஸ்ஸைப் போல முனகும்.

கம்பெனி தந்த வேலை இது:
ஆறு வருட நிறுவைச் சீட்டு, எல்லாம் படமாக.
மழை ஊறியவை, கொழுந்துச் சாறு பட்டவை,
ஏழா ஒன்றா என்று எழுதியவருக்கே தெரியாதவை.
ஒவ்வொன்றையும் வாசித்து
அவரவர் பெயரில் கூட்ட வேண்டும்.

ஒற்றைக் கோருக்கு முப்பத்தொரு மணி நேரம்.
கரண்ட் அவ்வளவு நேரம் தொடர்ந்து இருந்த நாள்
இந்த மாதத்தில் இல்லை.
ஆகவே எட்டாகப் பிரித்தேன்,
பெரட்டுக் களத்தில் மலை பிரித்து விடுவதைப் போல:
நீ பத்தாம் நம்பர், நீ ஆற்றோரம், நீ மேல்மலை.
நாலு மணி நேரத்தில் முடிந்தது.
கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சும்மா இன்னொரு தடவை ஓட்டினேன்.
மொத்தம் வேறு.
மூன்றாம் தடவை, அதுவும் வேறு.

இருதயமேரி, செக்ரோல் நம்பர் 412.
ஒரு வியாழக்கிழமை காலை நிறுவை ஏழு கிலோ,
பகல் ஆறு, அந்தி ஒன்பது.
மூன்று சீட்டும் ஒட்டிக்கொண்டே வரும்.
மூன்றாம் கோர் அவள் கணக்கைத் திறந்து
ஏழு என்று பார்த்த அதே நொடியில்
ஐந்தாம் கோரும் திறந்து ஏழு என்று பார்க்கிறது.
இது ஆறைக் கூட்டிப் பதின்மூன்று என்று எழுத
அது ஒன்பதைக் கூட்டிப் பதினாறு என்று
அதன் மேலேயே எழுதுகிறது.
இருவரும் பொய் சொல்லவில்லை.
இருவருக்கும் கூட்டல் தெரியும்.
பகல் வெயிலில் பறித்த ஆறு கிலோ
எங்கேயும் இல்லை.

பதினெட்டு இருந்தால்தான் முழுப்பேர்.
இருபத்திரண்டு பறித்தவளுக்கு
என் பெட்டி அரைப்பேர் போட்டது.

எங்கே தவறுகிறது என்று பார்க்க
ஒவ்வொரு கூட்டலையும் திரையில் எழுதச் சொன்னேன்.
எழுதச் சொன்னால் தவறவில்லை.
எடுத்துவிட்டால் தவறுகிறது.
பார்க்க ஆள் நின்றால் மட்டும் நேராக நிற்கிற தராசை
நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன்.

பிறகு பூட்டுப் போட்டேன்,
ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே என்று.
பதற்றத்தில் அதை வாசலிலேயே மாட்டிவிட்டேன்:
ஒரு கோர் சீட்டை வாசித்து முடிக்கும் வரை
ஏழு கோர்கள் நிறுவை மடுவத்துக்கு வெளியே
சாக்கோடு நனைந்துகொண்டு நின்றன.
முப்பத்திமூன்று மணி நேரம் ஆகும் என்று காட்டியது.
ஒன்பதாம் மணியில் கரண்ட் போனது.

கடைசியில் செய்தது மிகச் சின்ன விஷயம்.
எட்டுப் பேருக்கும் எட்டுக் கொப்பி.
உன் கணக்கை உன் கொப்பியில் எழுது;
எல்லாம் முடிந்த பிறகு
ஒருவர் எட்டையும் சேர்க்கட்டும்.
பூட்டே வேண்டாம். நாலு மணி பத்து நிமிடம்.
ஐந்து தடவை ஓட்டினேன், ஐந்தும்
கிராம் பிசகாமல் ஒன்று.

அப்போதுதான் கம்பெனியின் சம்பளப் புத்தகத்தைப்
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
இருதயமேரி, அதே வியாழன்: பதினாறு.

என் பழைய தவறு அங்கே எப்படிப் போனது?

போகவில்லை. அவர்களுடையது வேறு.
நிறுவைக்கு இரண்டு கிலோ கழிவு,
சாக்குக்கு, ஈரத்துக்கு,
மழையே பெய்யாத பெப்ரவரியிலும் ஈரத்துக்கு.
ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற கோர்களின் தவறு
ஒவ்வொரு தடவையும் வேறாக வரும்.
இது வேறாகவில்லை.
ஆறு வருடம், எல்லா மலையிலும், இரண்டு.

பிரித்து ஓட்டியதால் வந்த பிழை என்று
நாளை யாரும் சொல்லக்கூடாது.
நிஸ்தார் நானாவின் ஜெனரேட்டரை இரவல் கேட்டு வைத்து
ஒற்றைக் கோரில், முதல் சீட்டிலிருந்து
முப்பத்தொரு மணி நேரத்துக்கு ஓடவிட்டு,
பொகவந்தலாவை கடைசி பஸ்ஸுக்கு இறங்கினேன்.

மீதி இருபது ரூபாவைப் பிறகு தருவதாக
கொண்டக்டர் சொன்னார்.
இப்போதே என்றேன்.